பேண்டு மேடையும் பால்மரமும்



மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை பேரன் என்னைத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு மேட்டின் மேல் வெள்ளை நிறத்தில் எண்கோண மண்டபம் ஒன்று இருக்கிறது. பெயர் பேண்டு ஸ்டாண்டு. சுற்றிலும் மஞ்சள் இலைத் தூங்குமூஞ்சி மரங்கள். கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

பூங்கா தொடங்கிய ஆண்டு 1859. அடுத்த சில ஆண்டுகளில் இந்த மேட்டின் உச்சியைச் சமப்படுத்தி, ராணுவ பேண்டு வாசிக்க இடம் ஒதுக்கினார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்கள் குடும்பங்களும் மாலையில் காற்று வாங்கியபடி இசை கேட்டார்கள். இப்போது நிற்கும் மண்டபம் 1930-இல் கட்டியது. இன்று அங்கே பேண்டு வாசிப்பதில்லை.

இதே பூங்காவுக்குத்தான் 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் வந்தன. விதை பிரேசிலுடையது. 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் கண்டுபிடித்தார். ரப்பர் நடச் சொல்லித் தோட்ட முதலாளிகளை அவர் விடாமல் நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வாங்கினார். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலேயாவில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அங்கே பால் வெட்ட, கங்காணிமார் நம் ஊர்களில் ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றினார்கள்.

அப்படிப் போனவர்தான் என் தாத்தாவின் அண்ணன். முதலில் கடிதம் வந்ததாம், பிறகு அதுவும் நின்றதாம். எந்தத் தோட்டம் என்று கேட்டு வைக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் பாடத்தில் பிரேசில், லண்டன், சிங்கப்பூர் என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுவேன். விதை போன வழிக்குத்தான் அம்பு போட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து மனிதர்கள் போன வழிக்கு ஒரு கோடுகூடக் கிழித்ததில்லை. என் வீட்டிலிருந்தே ஒருவர் போயிருந்தும்!

அந்த மண்டபத்தடியில் உட்கார்ந்தபோது இதுதான் மனத்தை உறுத்தியது. பேண்டு கேட்டவர்களுக்கு ஒரு மண்டபம் நிற்கிறது. பால் வெட்டியவர்களுக்கு நம் வீட்டுப் பேச்சுதான் மிச்சம், அதுவும் என் தலைமுறையோடு போய்விடும்.

உங்கள் வீட்டிலும் மலேயா போனவர் யாராவது இருந்தால், பெரியவர்களிடம் இந்த வாரமே பெயரும் ஊரும் கேட்டு எழுதி வையுங்கள். தாமதமாகத் தரும் வீட்டுப்பாடம்தான்; ஆனாலும் செய்துவிடுங்கள்.