மினமாட்டா வளைகுடா வண்டல்

ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள மினமாட்டா வளைகுடாவின் அடிச்சேறு, கடலோர வண்டலில் கன உலோகம் படிந்தால் நேரும் கேட்டுக்கு உலகறிந்த சான்று. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசம் கழிவுநீரோடு கடலில் கலந்தது. அதில் ஒரு பகுதி ஆலைக்குள்ளேயே மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது. கொடுமை இங்கேதான் தொடங்குகிறது: இந்த வடிவம் உயிர்த்திசுவில் தங்கிவிடும், மிதவை உயிரி, சிறுமீன், பெருமீன் என ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். மீன் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு செத்தன. மீனவக் குடும்பங்களில் கைகால் மரத்தது, பார்வை குறுகியது, பேச்சு குழறியது. தாயிடம் அறிகுறி அதிகம் தெரியாதபோதும் கருவிலிருந்த குழந்தைகள் பாதிக்கப்பட்டன. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் 12 ஆண்டுகள் கழிவு கடலுக்குப் போனது மன்னிக்க முடியாதது.

கழிவு நின்றும் சேற்றிலிருந்த பாதரசம் போகவில்லை. 25 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் கொண்ட சுமார் 15 லட்சம் கன மீட்டர் வண்டல், 1977 முதல் 1990 வரை தூர்வாரப்பட்டும் மண்மூடியும் ஒதுக்கப்பட்டது. 58 ஹெக்டேர் கடல் நிலமானது. மீன்கள் வெளியேறாதபடி கட்டிய தடுப்பு வலையை 1997-இல்தான் அகற்றினார்கள்.