விடுதியில் வளர்ந்த மொழி

கொல்லிமலைக்குப் போயிட்டு வர்றவங்க எல்லாரும் 70 கொண்டை ஊசி வளைவைப் பத்தித்தான் எழுதுறாங்க. மிச்சம் இருந்தா ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர், வல்வில் ஓரி. எனக்கு அந்த மலையை நினைச்சா வேற ஒரு கணக்கு மனசுல ஓடும். அங்கே ஊர்னா பள்ளத்துல நாலு வீடு, மேட்டுல தள்ளி இன்னும் பத்து வீடு. அப்படி ஒரு சிற்றூரில் காது கேளாத குழந்தை ஒண்ணு பிறந்தா, தன்னை மாதிரி இன்னொரு குழந்தையை அது எப்போ பார்க்கும்? வீட்டுக்குள்ளே பசி, தண்ணி, வா, போ என்று கொஞ்சம் சைகை உருவாகும். அம்மாவுக்குப் புரியும், அடுத்த ஊர்க்காரருக்குப் புரியாது. அது முழு மொழியாக ஒரு கூட்டம் வேணும்.

அந்தக் கூட்டத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சைகை மொழியின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால் வாத்தியார்களும் அரசாங்கமும் கடைசி பெஞ்சில்தான் இருக்காங்க. முன்னாடி நிக்கறது பசங்க.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. சைகை வேண்டாம், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக்குவதே சரி என்று தீர்மானம் போட்டார்கள். கலந்துகொண்ட 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருத்தர்! மீன் பிடிக்கிறதைப் பத்தி மலைக்காரங்க கூடி முடிவெடுத்த கதைதான். (இந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010 வான்கூவர் மாநாடு வரைக்கும் ஆச்சு. 130 வருஷம்.)

இந்தியாவில் பள்ளிகள் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். பம்பாயில் 1885, கல்கத்தாவில் 1893. நம்ம பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் 1890களின் பிற்பகுதியில் ஆரம்பித்தார். அவர் பெயரிலேயே அந்தப் பள்ளி இன்னும் இருக்கு.

மிலானின் நிழல் இங்கேயும் நீண்டது. எச். சி. பானர்ஜி என்பவர் 1928-இல் டாக்கா, பரிசால், கல்கத்தா ஆகிய மூன்று ஊர்ப் பள்ளிகளில் மாணவர்கள் பயன்படுத்திய சைகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றுமே விடுதியோடு கூடிய பள்ளிகள். வகுப்பில் சைகைக்கு இடமே கிடையாது. ஆனாலும் மூன்று ஊர்ச் சைகைகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன! யாரும் பாடத்திட்டம் போடவில்லை, புத்தகம் அச்சடிக்கவில்லை. வகுப்பு முடிஞ்சு பசங்க ஒண்ணா இருந்த நேரத்துல வளர்ந்த மொழி அது.

இதே கூத்து நிகரகுவாவிலும் நடந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு மனாகுவாவின் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாக நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். டீச்சர்கள் ஸ்பானிஷ் உதட்டசைவு சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் தங்களுக்கென்று புதுசா ஒரு மொழியையே உருவாக்கிட்டாங்க. பின்னாடி வந்த சின்னப் பிள்ளைகள் அதன் இலக்கணத்தை இன்னும் செழுமையாக்கினார்கள். 1986-இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளரைக் கூப்பிட்டுத்தான் நடக்கிறது என்னன்னு பெரியவங்க தெரிஞ்சுக்கிட்டாங்க.

நம்ம ஊருக்கு அப்படி வந்தவர் மதன் வசிஷ்டா. இமாசலத்துக்காரர், 11 வயதில் காது கேட்காமல் போனவர். 1967-இல் அமெரிக்காவின் கலாடெட் கல்லூரிக்குப் போனார். 1977-இல் ஜேம்ஸ் உட்வர்ட் முதலானவர்களோடு இந்தியச் சைகை மொழியை ஆராய வந்தார். இங்கே கல்வியாளர்கள் பலர் 'இந்தியாவில் சைகை மொழின்னு ஒண்ணு கிடையாது' என்றே நினைத்திருந்தார்கள். டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று பார்த்ததில் சுமார் 75 சதவீதச் சைகைகள் ஒன்றோடொன்று உறவுள்ளவை என்று தெரிந்தது.

அதே கலாடெட்டில்தான் 1988 மார்ச் போராட்டமும் நடந்தது. 1864-இல் தொடங்கிய நிறுவனம், அதுவரை காது கேளாத ஒருவர்கூடத் தலைவரானதில்லை. மறுபடியும் காது கேட்கும் ஒருவரையே, அதுவும் சைகை மொழி தெரியாதவரை, தலைவராக அறிவித்ததும் மாணவர்கள் வளாகத்தை இழுத்து மூடினார்கள். மாணவர் தலைவர் கிரெக் லிபாக்குக்கு அப்போ 21 வயசு. ஒரே வாரத்தில் அறிவிக்கப்பட்டவர் விலகினார், காது கேளாத கிங் ஜோர்டான் தலைவரானார்.

நம்ம நாட்டிலும் அப்படி ஒண்ணு உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. 2011-இல் இக்னோவில் தொடங்கிய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை 2013-இல் நிறுத்திவிட்டார்கள். 2015 ஏப்ரலில் அதைச் செவித்திறன் குறைபாட்டுக்கான இன்னொரு நிறுவனத்தோடு சேர்க்க அமைச்சகம் முடிவு செய்தது. நாங்கள் கேட்பது சிகிச்சை இல்லை, மொழி என்று காது கேளாதோர் போராடினார்கள். செப்டம்பரில் தனி அமைப்பாகவே அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த மையம் 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021-இல் 10,000 ஆனது.

'மொழி' படத்துல ஜோதிகாவைப் பார்த்து உருகின நாம அந்த அகராதி வீடியோவுல பத்தாவது பார்த்திருப்போமா?

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் போகலை. இப்போ 'எல்லாரையும் உள்ளடக்கிய கல்வி' என்கிறார்கள். காது கேளாத பிள்ளையையும் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்க்கணும். நல்ல எண்ணம்தான், அம்மா அப்பாவை விட்டுப் பிரிய வேண்டாம். 2016 சட்டமும் பள்ளிகளுக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் வேணும்னு சொல்லுது. ஆனா மலையில ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு காது கேளாத பிள்ளைன்னா, டீச்சர் சைகை கத்துக்கிட்டு வந்தாலும் இடைவேளையில அது யார்கிட்ட பேசும்? மலையில பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. அதில் ஒன்றிலாவது சுற்று வட்டாரத்துக் காது கேளாத பிள்ளைகளை நாலு பேரா, ஆறு பேரா சேர்த்து வைத்து, காது கேளாத இளைஞர் ஒருவரையே ஆசிரியராகப் போட்டால் என்ன? 2021-லேயே தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சைகை மொழி ஒரு பாடமாகிவிட்டது.