சோஜிலா கணவாய்ப் போர்: பனிமலையில் பாதை அமைத்த தென்னாட்டு வீரர்கள்

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் வாழும் நமக்கு மார்கழி மாதத்துக் காலைப் பனியே கடுங்குளிராகத் தோன்றும். இத்தகைய வெப்ப நிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களும் பிற தென்னாட்டு வீரர்களும், 1948ஆம் ஆண்டில் இமயத்தின் உறைபனிக்கிடையே ஆற்றிய அரும்பணி ஒன்று உண்டு. நம் இளைய தலைமுறையினர் அவசியம் அறிய வேண்டிய வரலாறு அது.

ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் தலைமை நகரமான லே செல்லும் வழியில், ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அமைந்துள்ளது சோஜிலா கணவாய். 1947 அக்டோபரில் தொடங்கிய காஷ்மீர்ப் போரில், அடுத்த ஆண்டு மே மாதம் கார்கில் பாகிஸ்தான் தரப்புப் படைகளின் வசமாயிற்று. பின்னர் திராஸும் சோஜிலாவும் கைவிட்டுப் போயின. ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் பாதை அடைபட்டது. குளிர்காலம் முற்றினால் கணவாய் முழுவதும் பனியால் மூடிவிடும். அதற்குள் வழி திறக்கப்படாவிட்டால், லே நகர மக்களும் அங்கிருந்த சிறு காவற்படையும் கோடை பிறக்கும்வரை தனித்து விடப்படும் அபாயம் இருந்தது.

செப்டம்பர் மாதத்தில் காலாட்படையினர் மேற்கொண்ட தாக்குதல்கள் தோல்வியுற்றன. செங்குத்தான பாறைகளிலும் குகைகளிலும் மறைந்திருந்த இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை முன்னேற விடவில்லை. அந்நிலையில் படைத்தளபதி மேஜர் ஜெனரல் திம்மையா, டாங்கிகளைக் கணவாய்க்குக் கொண்டு செல்லத் துணிந்தார். அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வரக்கூடுமென எதிரிகள் எண்ணியும் பார்த்திருக்கவில்லை.

ஆனால், மலையடிவாரமான பால்தாலிலிருந்து மேலே சென்றது கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதையே. அதனை டாங்கி செல்லும் வழியாக மாற்றும் பொறுப்பு 'மதராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியாளர் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1780ஆம் ஆண்டில் தோன்றிய இப்படையின் வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது இராணுவ மரபு. அத்தம்பிமார், எதிரிகளின் குண்டுகளுக்கிடையே பாறைகளை வெடி வைத்துத் தகர்த்து, வளைவுகளை அகலப்படுத்திப் பாதையை அமைத்தனர்.

இதற்கிடையே, 7ஆம் குதிரைப்படைப் பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேற்பகுதியிலுள்ள பீரங்கிக் கூண்டுகள் கழற்றப்பட்டு, அடையாளம் தெரியாதவாறு மூடப்பட்டு, ஜம்முவிலிருந்து இரகசியமாகக் கொண்டு வரப்பட்டன. மோசமான வானிலையால் தாக்குதல் சில நாட்கள் தள்ளிப்போயிற்று. இறுதியில் 1948 நவம்பர் 1ஆம் நாள் பிற்பகல், பனிப்பொழிவுக்கிடையே, லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் தலைமையில் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. திம்மையாவும் அவற்றுள் ஒன்றில் உடன் சென்றார். குகைகளிலிருந்த எதிரிகள் திகைத்துப் பின்வாங்கினர். அன்றே கணவாய் மீட்கப்பட்டது.

அதன்பின் குளிரும் பனிக்கடியும் வாட்ட, வீரர்கள் தொடர்ந்து முன்னேறி நவம்பர் நடுவில் திராஸையும், அம்மாத இறுதிக்குள் கார்கிலையும் மீட்டனர். லே நகருக்கு வழி திறந்தது.

இவ்வெற்றியைக் கூறுவோர் டாங்கிகளையே பெரிதும் போற்றுவர். அவை ஏறிச்செல்லப் பாதை அமைத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. நம் ஊர்களிலும் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் உள்ளனர். அவர்களது அனுபவங்களை இளைஞர்கள் நேரில் சென்று கேட்டு எழுதி வைப்பார்களாயின், அது நம் சமுதாயத்திற்குச் செய்யும் நற்பணியாக அமையும்.