போர்க்களத்தில் ஒரு கதைப் புத்தகம்

கதை படிப்பதனால் மனத்திற்கு என்ன பயன்? இக்கேள்வியை மாணவர்கள் கேட்பது குறைவு. பெற்றோரும் ஆசிரியரும் கேட்பதே மிகுதி. அவர்கள் கேட்கும்போது விடையும் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கும். பாடநூல் அறிவைத் தரும், கதைநூல் பொழுதைப் போக்கும் என்பதே அவ்விடை. நான் இவ்வழக்கில் வாதியாக நின்று பேச விரும்பவில்லை. வரலாற்றைச் சாட்சியாக அழைக்க விரும்புகிறேன். நீரின் அருமை கோடையிலே தெரியும் என்பார்கள். மனத்திற்கு உணவாவது எது என்பதும், மனம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் காலத்திலேதான் தெரியவரும். அத்தகைய காலமாக இருந்தவை இரண்டு உலகப் போர்கள். அக்காலத்தில் கதைநூல்கள் என்ன தொண்டு செய்தன என்பதைச் சற்றே நோக்குவோம்.

முதல் உலகப் போர் 1914-ஆம் ஆண்டில் மூண்டது. ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்து அதில் இறங்கிய சில நாட்களிலேயே, இலண்டனில் ஹெலன் மேரி காஸ்கெல் என்ற அம்மையார், காயமுற்ற வீரர்களுக்காகப் புத்தகங்கள் திரட்டத் தொடங்கினார். நோயுற்றுக் கிடந்த காலத்தில் நல்ல நூல்கள் தரும் ஆறுதலைத் தாமே உணர்ந்தவர் அவர். மருந்தும் கட்டுத்துணியும் அனுப்பப் பலர் இருந்தனர். படுக்கையில் கிடந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பவனுடைய நெடும்பொழுதுக்கு யார் துணை? அம்மையாருடைய வேண்டுகோளைக் கேட்டு மக்கள் வண்டி வண்டியாக நூல்களை அனுப்பினர். அம்முயற்சி பின்னர்ச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணியோடு இணைந்து, மருத்துவமனைகளுக்கும் போர்முனைகளுக்கும் நூல் வழங்கும் பெரிய அமைப்பாக வளர்ந்தது.

அப்போரில் மகனை இழந்த தந்தையருள் ஒருவர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான், 1915-ஆம் ஆண்டில் லூஸ் என்னும் இடத்தில் நடந்த சண்டையில் மறைந்தபோது வயது பதினெட்டு. துயரத்தில் மூழ்கிய அக்குடும்பத்தில், கிப்ளிங் தம் மனைவிக்கும் மகளுக்கும் ஜேன் ஆஸ்டினுடைய நாவல்களை உரக்கப் படித்துக் காட்டினார். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1924-இல், பீரங்கிப் படையைச் சேர்ந்த சிலர் அதே ஆஸ்டினுடைய நாவல்களைப் படித்து ஓர் இரகசியச் சங்கத்தினர்போல் ஒன்றுபட்டதை வைத்து ஒரு சிறுகதையும் எழுதினார். ஆஸ்டினுடைய நாவல்களில் பீரங்கி முழங்குவதில்லை. நாட்டுப்புறத்து வீடுகள், விருந்துகள், திருமணப் பேச்சுகள், சிறு சிறு கர்வங்கள், அவை உடைந்து விளையும் தெளிவு இவையே உண்டு. குண்டு மழைக்கு நடுவே இவற்றுக்கு என்ன வேலை என்று நமக்குத் தோன்றலாம். மனிதர் அமைதியாக வாழும் ஓர் உலகம் இன்னும் இருக்கிறது, அதற்குத் திரும்பிச் செல்லவும் கூடும் என்ற நினைவைக் காப்பதே அவற்றின் வேலை.

இதே காலத்தில் ஒரு புதுச் சொல்லும் பிறந்தது. சாமுவேல் கிரோதர்ஸ் என்ற அமெரிக்கக் கட்டுரையாளர், 1916-இல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ என்னும் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கற்பனை நண்பர் ஒருவர் வருகிறார். நோயாளிகளுக்கு மருந்துச்சீட்டு எழுதுவதற்குப் பதிலாகப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுக்கிறார்! நூல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும், சிகிச்சை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் இணைத்து, இம்முறைக்கு ‘பிப்லியோதெரபி’ என்று கிரோதர்ஸ் பெயரிட்டார். நாம் அதனை நூல்வழி மருத்துவம் எனலாம். பாதி விளையாட்டாகச் சொன்ன சொல்லை, பின்னர் வந்த மருத்துவமனை நூலகர்களும் உளநூல் அறிஞர்களும் முழு உண்மையாகவே எடுத்துக்கொண்டனர்.

நூலுக்கு மனத்தை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதை நூலின் நண்பர் மட்டுமா அறிந்திருந்தனர்? பகைவரும் நன்கு அறிந்திருந்தனர். 1933-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் பல பல்கலைக்கழக நகரங்களில் நூல்கள் தீயில் எறியப்பட்டன. அந்நூல்களுள் ஒன்று எரிக் மரியா ரெமார்க் எழுதிய நாவல். முதல் உலகப் போரில் சாதாரண ஜெர்மன் வீரன் பட்ட பாட்டைச் சொல்லும் கதை அது. 1929-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியிருந்தது. அதில் ஆட்சியைக் கவிழ்க்கும் திட்டம் எதுவும் இல்லை. பதுங்குகுழியில் நடுங்கும் ஓர் இளைஞனின் நெஞ்சை வாசகனுக்குக் காட்டியது, அவ்வளவே. எதிரியும் தன்னைப் போன்ற மனிதனே என்பதை ஒருமுறை உணர்ந்தவனை மறுபடியும் வெறுப்புக்குப் பழக்குவது எளிதன்று. ஆகவேதான் அக்கதைக்கு அவ்வளவு அச்சம்!

மாணவ நண்பர்களே, இங்கே நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அத்தீயை மூட்டுவதில் முன்நின்றவர்கள் கல்வியறிவற்றவர்கள் அல்லர். ஜெர்மன் மாணவர் சங்கத்தார். கல்லூரிப் படிப்பு மட்டுமே மனிதனுக்குப் பிறர்துன்பம் உணரும் நெஞ்சைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1941-இன் இறுதியில், அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அந்நாட்டு நூலகர்கள் படைவீரர்களுக்காக மக்களிடம் நூல்கள் திரட்டினர். ஒரு கோடிக்கு மேற்பட்ட நூல்கள் குவிந்தன. ஆனால் கெட்டி அட்டை போட்ட கனத்த நூலை மூட்டையில் சுமந்துகொண்டு காட்டிலும் கடற்கரையிலும் ஒருவன் எப்படி ஓடுவான்? ஆகவே பதிப்பாளர்களும் நூலகர்களும் சேர்ந்து 1942-இல் அமைத்த போர்க்கால நூற்குழு, வீரர்களுக்கென்றே தனிப் பதிப்பு வெளியிட முடிவு செய்தது. 1943 முதல் 1947 வரை 1,322 தலைப்புகளில் ஏறக்குறைய 12 கோடியே 30 இலட்சம் படிகள் அச்சாகி, விலையின்றி வழங்கப்பட்டன.

அந்நூல்களின் அமைப்பே அறிவுக்கு விருந்து. சீருடையின் பைக்குள் அடங்க வேண்டும் என்பதே முதல் விதி. ஆதலால் அவை உயரத்தைவிட அகலம் மிகுந்தவை. சிறியது ஐந்தரை அங்குல அகலமும் நான்கு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரமும் உடையது. மாத இதழ்களை அச்சிடும் இயந்திரங்களில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நூல்களைச் சேர்த்து அச்சிட்டு, பின்பு குறுக்கே வெட்டிப் பிரித்தனர். மங்கிய விளக்கொளியிலும் கண் சோராமல் படிக்க, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பத்திகளாக அமைத்தனர். பசைக்குப் பதிலாகக் கம்பி தைத்தனர். ஒரு படிக்கு ஆன செலவு ஏறத்தாழ ஆறு சென்ட். அதற்கு மேல் ஒரு சென்டை ஆசிரியரும் பதிப்பாளரும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். 1944 ஜூன் மாதத்தில் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்காகக் கப்பலேறக் காத்திருந்த வீரர்களுக்கும் இந்நூல்கள் வழங்கப்பட்டன. தேவையற்ற சுமையையெல்லாம் கழித்துவிட்டுப் புறப்படும் நேரத்திலும், பலர் இச்சிறு நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டனர்.

வரலாறு, அறிவியல், வாழ்க்கை வரலாறு யாவும் அவ்வரிசையில் உண்டு. ஆயினும் மிகுதியாக இடம்பெற்றவை கதைகளே. டிக்கன்ஸும் மார்க் ட்வெயினும் ஸ்டீன்பெக்கும் வீரர்களோடு பயணம் செய்தனர். துப்பறியும் கதைகளும் நகைச்சுவைக் கதைகளும் உடன் சென்றன. ஆனால் வீரர்கள் நெஞ்சார நேசித்த நூல்களுள் ஒன்று, வீரச் செயல் எதுவும் இல்லாத ஒரு நாவல் என்பதுதான் வியப்பு.

பெட்டி ஸ்மித் என்ற பெண்மணி எழுதி 1943-இல் வெளிவந்த ‘புரூக்ளினில் வளரும் ஒரு மரம்’ என்பது அந்நாவல். நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் வறுமைப்பட்ட ஒரு குடும்பம். தந்தை ஜானி, விருந்துகளில் பாடிப் பரிமாறும் பணியாளர். அன்பு மிக்கவர், ஆனால் குடிக்கு அடிமை. தாய் கேட்டி, பிறர் வசிக்கும் கட்டடங்களில் தரை துடைத்துக் குடும்பத்தைக் காப்பவள். மகள் பிரான்ஸி, பக்கத்து நூலகத்தில் நாள்தோறும் ஒரு நூல் எடுத்துப் படிக்கும் சிறுமி. தந்தை இறக்கிறார், குடும்பம் தள்ளாடுகிறது, சிமெண்டுத் தரையின் வெடிப்பில் முளைத்து வளரும் மரத்தைப் போலச் சிறுமியும் வளர்கிறாள். கதை இவ்வளவே.

இந்நாவலைப் படித்த வீரர்கள் பலர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினர். அவற்றுள் ஒன்றை நான் எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. எழுதியவன் இருபது வயது இளைஞன். அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்தவன். மலேரியாவினால் மருத்துவமனையில் கிடந்தவன். போரில் கண்ட கொடுமைகளால் தன் இதயம் செத்துவிட்டது என்றே அவன் எண்ணியிருந்தான். எதையும் உணர முடியாத மரக்கட்டையாகத் தன்னைக் கருதியிருந்தான். இந்நாவலைப் படித்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அழுததற்காக அவன் நாணவில்லை. தனக்குள் உயிர் இன்னும் இருக்கிறது என்று மகிழ்ந்து நன்றி எழுதினான்.

கண்முன் தோழர்கள் மடிந்தபோது கல்லாகிப்போன ஒருவன், எங்கோ இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு கற்பனைச் சிறுமிக்காக ஏன் அழுதான்? இதற்கு விடை கண்டால் கதையின் பயனை நாம் கண்டவர்களாவோம்.

போர்க்களத்தில் உணர்ச்சி வசப்படுவது ஆபத்து. கை நடுங்கினால் உயிர் போகும். ஆகவே மனம் தன் கதவுகளை எல்லாம் சாத்திக்கொள்கிறது. ஆபத்து நீங்கிய பின்னும் அக்கதவுகள் தாமாகத் திறப்பதில்லை. ‘நடந்ததைச் சொல்’ என்று யாராவது தட்டினால் இன்னும் இறுக மூடிக்கொள்கின்றன. கதையோ வாயிற்கதவைத் தட்டுவதில்லை. சன்னல் வழியே வரும் காற்றைப் போல உள்ளே நுழைகிறது. இது உன் துயரம் என்று அது சொல்வதில்லை. பிரான்ஸியின் தந்தைக்காக அழும்போது, தன் தோழனுக்காக அழாமல் தேக்கிவைத்த கண்ணீரும் உடன் இறங்கிவிடுகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் வகைகளை எட்டாகப் பகுக்கிறது. அவற்றுள் நகையோடும் உவகையோடும் அழுகைக்கும் சமமான இடம் உண்டு. அழுகையை அந்நூல் குறைபாடாகக் கருதவில்லை. இழப்பு, வறுமை, பிறர் இகழ்ச்சி, முன்னிருந்த நிலையினின்று தாழ்தல் என்னும் நான்கினால் அது பிறக்கும் என்கிறது. தன்பொருட்டும் பிறர்பொருட்டும் அது தோன்றும் என்று உரையாசிரியர் விளக்குவர். புரூக்ளின் குடும்பத்தின் கதையில் இந்நான்கும் உண்டு. கடல் கடந்த ஒரு மருத்துவமனையில் பிறர்பொருட்டுத் தோன்றிய அழுகை, தன்பொருட்டுத் தோன்ற வேண்டிய அழுகைக்கு வழிதிறந்துவிட்டது என்று நான் கொள்கிறேன்.

கதை நம் கவலையை மறக்கச் செய்கிறது என்று பலர் புகழ்வர். அது உண்மையே, களைத்த மனத்திற்கு அவ்வோய்வும் வேண்டும். ஆயினும் அதனினும் பெரிய பயன், மறத்துப்போன மனத்தை மீண்டும் உணரச் செய்வதாகும்.

இக்கால உளநூல் அறிஞர்கள் இதனைச் சோதனை மூலமும் ஆராய்கின்றனர். 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் கிட், கஸ்டானோ என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தரமான சிறுகதையைச் சிறிது நேரம் படித்தவர்கள், முகத்தில் கண்களை மட்டும் காட்டும் படங்களைப் பார்த்து அவருடைய உணர்ச்சியை அறிவதில் சற்றே சிறந்து விளங்கினர் என்றது அது. வேறு சிலர் அதே சோதனையை மீண்டும் செய்தபோது அம்முடிவு கிட்டவில்லை. பின்னர், 2018-இல், 14 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்ட அறிஞர்கள், கதை படிப்பதனால் பிறர்மனம் அறியும் திறனில் ஏற்படும் பயன் சிறியது, ஆனால் உள்ளது என்று கண்டனர். இது நியாயமான தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாலைப் பொழுதில் ஒரு கதை படித்தவுடன் எவரும் சான்றோராகிவிடுவதில்லை. ஒரு நாள் உடற்பயிற்சி எவனையாவது மல்லனாக்கியதுண்டா?

கதைக்கு எல்லையும் உண்டு. அந்த இளைஞனின் மலேரியாவை மருந்துதான் தீர்க்க வேண்டும், நாவல் தீர்க்காது. மனநோய் முற்றியவர்க்கு மருத்துவர் வேண்டும். புத்தகம் அவருக்குத் துணை நிற்கலாம், மாற்றாகாது. வெறுப்பை ஊட்டவென்றே எழுதப்படும் கதைகளும் உலகில் உண்டு. நச்சுணவும் உணவின் உருவிலேதானே வருகிறது! ஆகையால், ஒரு கதையைப் படித்து முடித்தபின், ‘முன்பு நான் பொருட்படுத்தாத எவரையேனும் இது எனக்கு அறிமுகப்படுத்தியதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது நல்ல கதை.

தேர்வும் மதிப்பெண்ணும் உங்களை நெருக்குகின்றன, அறியாமல் சொல்லவில்லை. போர்க்களத்தின் நெருக்கடி அன்று அது. ஆயினும் வகுப்பில் தோற்றபோதும், வீட்டில் ஒருவரை இழந்தபோதும், நண்பன் கைவிட்டபோதும், எதையும் உணராதவன்போல் இருந்துவிடுவதே வலிமை என்று இளமையில் நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு மூடிய மனத்திற்குள் மகிழ்ச்சியும் நுழைவதில்லை. அத்தகைய நாளில் உங்கள் ஊர் நூலகத்திற்குச் செல்லுங்கள். ஒரு நல்ல நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். விரைந்து முடிக்க வேண்டாம். இடையே எங்கேனும் கண் கலங்கினால் புத்தகத்தை மூடிவிட வேண்டாம், மேலே படியுங்கள்.