லைக்காவை முந்திய பக்கவழி

1954ல் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் லைக்கா எம்3ஐ வெளியிட்டது. பெரிய, வெளிச்சமான வியூஃபைண்டர். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இதை முந்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்ப ஜப்பானின் நிக்கான் என்ன செய்தது? வேறு பாதையில் போனது.

1959ல் வந்த நிக்கான் எஃப் ஒரு எஸ்எல்ஆர். லென்ஸ் என்ன பார்க்கிறதோ, அதையே நாமும் பார்க்கலாம். தூரத்துக் காட்சிக்கு நீள லென்ஸ் மாட்டினாலும் குழப்பமில்லை. பத்திரிகைப் படக்காரர்கள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். லைட்ஸின் சொந்த எஸ்எல்ஆரான லைக்காஃப்ளெக்ஸ் 1960களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. ரொம்ப லேட்!

1971ல் வந்த எம்5 உருவத்தில் பெருத்திருந்தது, சரியா விக்கல. 1977ல் எம்4-2 பழைய மெலிந்த உடம்போடு திரும்பி வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் லைக்கா இன்றும் பிழைத்திருக்கிறது, நிக்கானை ஜெயித்து அல்ல. விலை கொடுத்து வாங்கும் சின்னக் கூட்டத்துக்கு அது போதும். எல்லோருக்குமான சந்தை போனது போனதுதான்.