அடிபாரம்

பிரெஞ்சுப் பள்ளியில் 'லெஸ்த்' என்றொரு சொல் கற்றோம்: கப்பல் கவிழாமல் நிற்க அடியில் ஏற்றும் பாரம். இப்போது அலைச்சறுக்கு விளையாட்டுக்காகவும் படகில் தண்ணீர்ப் பைகளை நிரப்புகிறார்களாம். படகு அமிழ்ந்தால் பின்னால் பெரிய அலை எழும். "பாரம் கூட்டினால் படகு இன்னும் உறுதியாகுமா தாத்தா?" என்றான் பேரன். வாசா கப்பலின் கதையைச் சொன்னேன்.

சுவீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃபுக்காக 64 பீரங்கிகளுடன் கட்டிய போர்க்கப்பல் அது. அடியில் சுமார் 120 டன் கல். புறப்படுமுன் 30 பேரை மேல்தளத்தில் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் அபாயமாக ஆட, கடற்படைத் தளபதி சோதனையை நிறுத்தினார். இன்னும் கல் ஏற்றினால் கீழ்வரிசைப் பீரங்கித் துவாரங்கள் நீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். குறை அடியில் மட்டுமல்ல, மேல்பாரத்தில். அரசரோ போர்முனையிலிருந்து அவசரப்படுத்தினார். முடிவு தெரிந்தும் கப்பலை எவரும் நிறுத்தவில்லை.

1628 ஆகஸ்ட் 10. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் சுமார் 1,300 மீட்டர்தான் போனது. காற்றில் சாய்ந்து, திறந்திருந்த துவாரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. சுமார் 30 பேர் மாண்டனர். விசாரணை நடந்தது, தண்டனை எவருக்கும் இல்லை.

பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறென்று தெரிந்தும், 'மேலிடத்து உத்தரவு' என்று நானும் சில கோப்புகளை நகர்த்தியிருக்கிறேன்.