கான்ஸ்டன்ஸ் ஏரி: நீர்த்தூய்மையும் மீன்வளமும்

கான்ஸ்டன்ஸ் ஏரி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளுக்கிடையே ரைன் ஆற்றுப் போக்கில் அமைந்த நன்னீர் ஏரி. ஜெர்மானியர் போடன்சே என்பர். பரப்பு 536 சதுர கி.மீ.; பெரும ஆழம் சுமார் 250 மீட்டர். ஏறத்தாழ 40 லட்சம் பேருக்கு இதிலிருந்து குடிநீர் செல்கிறது.

ஏரிக்குப் புகழ் தந்த மீன் ஃபெல்ஷென். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்நீர் விரும்பும் வெள்ளி நிற மீன். இதில் நான்கு இனங்கள் இருந்தன. நடு ஏரியில் திரிந்து மிதவை உயிரிகளை உண்பது பிளாவ்ஃபெல்ஷென். 1784இல் இதை விவரித்த பெர்லின் மருத்துவர் பிளோஹ், செயின்ட் காலன் மருத்துவர் வார்ட்மனின் பெயரை இதற்குச் சூட்டினார். காங்ஃபிஷ் பெரிய கண்ணால் அடையாளம் காணப்படுவது. அதன் அறிவியற் பெயரே அதைத்தான் குறிக்கிறது. சாண்ட்ஃபெல்ஷென் ஆழம் குறைந்த மணற்பகுதியில் முட்டையிடும். நான்காவதான கில்ஷ் அடியாழத்தில் வாழ்ந்த மீன். வலையோடு மேலே வரும்போது நீரழுத்தம் குறைந்து காற்றுப்பை உப்ப, கழுத்துக் கழலை வந்ததுபோல் தொண்டைப்புறம் புடைத்துவிடும். கழலை ஃபெல்ஷென் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. நான்கும் ஒரே இனத்தின் வேற்றுருவங்கள் என்பது பழைய கருத்து.

கழிவுநீரும் சலவைத்தூளும் கொணர்ந்த பாஸ்பரஸ் 1979 வாக்கில் கன மீட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டியது. பாசி பெருகி, மடிந்து, அடியில் அழுகியபோது பிராணவாயு குன்றியது. ஆழத்தில் இடப்பட்ட கில்ஷ் முட்டைகள் மூச்சுத்திணறி அழிந்தன. அவ்வினம் 1970களோடு மறைந்தது. 1959இல் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பாதுகாப்பு ஆணையத்தின் முயற்சியாலும் சுத்திகரிப்பு நிலையங்களாலும் பாஸ்பரஸ் இன்று 10 மில்லிகிராமுக்குக் கீழ் வந்துவிட்டது. சலவைத்தூளில் பாஸ்பேட்டை 1986இல் சுவிட்சர்லாந்து தடை செய்தது.

ஏரி தெளிந்தது, மீனுக்கு இரை குறைந்தது. பாஸ்பரஸ் அளவைச் சற்று உயர்த்தலாம் என்ற மீனவர் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று. முன்பு குளிர்காலத்தில் மேல்நீர் கனத்து இறங்க, ஏரி அடிவரை கலந்துகொள்ளும். வெப்பமாகும் குளிர்காலங்களில் இக்கலப்பு தளர்கிறது. அடிநீருக்குப் பிராணவாயு போய்ச்சேர்வது குறைகிறது. இந்நிலையில் பாசியைக் கூட்டுவது கில்ஷுக்கு நேர்ந்ததை மற்ற இனங்களுக்கும் வரவழைப்பதாகும். அதே தளர்ச்சியால் அடியிலுள்ள சத்து மேலே ஏறாமல் மீன்களின் இரை மேலும் சுருங்குவதும் உண்மையே.

ஃபெல்ஷென் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும் ஸ்டிக்கில்பேக் மீன் நடு ஏரியில் பெருகியிருக்கிறது. 2016இல் மிதவை உயிரிகளை வடிகட்டி உண்ணும் குவாகா சிப்பியும் வந்துசேர்ந்தது. ஏரியின் பெரும்பகுதியான மேலேரியில் ஃபெல்ஷென் பிடிக்க 2024 முதல் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது.